வராமல் இருந்தாலே போதும்

எந்தப் படிப்பில் சேரலாம் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் என்னிடம் கேட்பதில்லை. அதற்குக் கும்பகோணத்தில் ஒரு மாமா இருக்கிறார். சேர்ந்த படிப்பை விடுவது எப்படி என்றால் மட்டும் எனக்கு போன் வரும். மூன்று படிப்புகளை மூன்று விதமாக விட்டவன் என்பதால் அந்தத் துறையில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

முதல் படிப்பு மஞ்சள் காமாலையால் போயிற்று. இரண்டாவது, தங்கச்சி கல்யாணத்தால். மூன்றாவது, இடுப்புப் பிடிப்பால். ஊருக்குச் சொன்ன கணக்கு இது. உள்கணக்கு வேறு. அப்பா காலமாகிவிட்டார், எனக்கும் வயது ஐம்பதை நெருங்குகிறது, இனிமேல் எந்தக் கல்லூரியும் என்னைச் சேர்க்கவும் போவதில்லை, நீக்கவும் போவதில்லை. அந்தத் தைரியத்தில் உள்கணக்கை இங்கே எழுதுகிறேன்.

1994 ஜூலையில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தேன். தஞ்சாவூரில் ஒரு கல்லூரி. அது எந்தத் தப்பும் செய்யவில்லை, அதனால் பெயர் வேண்டாம். சாலியமங்கலத்தில் மீட்டர் கேஜ் ரயிலைப் பிடித்து, தஞ்சாவூரில் இறங்கி, டவுன் பஸ் ஏற வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். கிளம்பிய அன்று அப்பாயி திருநீறு பூசிவிட்டு, தெருமுனை வரைக்கும் கூடவே வந்து, ரயில் போகும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டாள்.

ப்ளஸ் டூவில் கணக்கில் 200க்கு 178. அந்த மார்க்கைப் பார்த்து எனக்குக் கணக்கு வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பிவிட்டேன். ஆகஸ்டுக்குள் அந்த நம்பிக்கை தீர்ந்தது. ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதினார். எனக்குத் தெரிந்த டெல்டா ஒன்றுதான்; அதில் அப்பாவுக்கு அரை வேலி நிலம் இருந்தது. டெல்டாவிலேயே பிறந்து டெல்டா புரியாமல் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பயந்துபோய் நூலகத்திலிருந்து கால்குலஸ் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தேன். தமிழ்நாட்டில் கணிதம் படித்த எவரும் நாராயணன், மாணிக்கவாசகம் பிள்ளை என்ற இரட்டைப் பெயரைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். நான் அட்டையிலேயே நின்றுவிட்டேன்.

செப்டம்பரில் ‘காதலன்’ வந்தது. மூன்று முறை பார்த்தேன், மூன்றும் பகல் காட்சி. அதோடு டீக்கடையில் உட்கார்ந்துவிட்ட நாள், ரயிலைத் தவறவிட்ட நாள், தவறவிட்டதாகச் சொன்ன நாள் எல்லாவற்றையும் சேர்த்தால் அக்டோபர் பாதிக்குள் பதினொரு நாள் போயிருந்தது.

அப்புறம்தான் காமாலை. ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் வாய்க்கால் எது, தெரு எது, குடிதண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, மூன்று வாரம் ஓய்வு என்றார். அப்பாயிக்கு டாக்டர் போதவில்லை. வரப்போரம் கீழாநெல்லி பறித்து அரைத்து, மோரில் கரைத்து, வெறும் வயிற்றில் கொடுத்தாள். எண்ணெய் கிடையாது, புளி கிடையாது, உப்பு பேருக்குத்தான். வயிற்றைப் பிரட்டியது, சோறு கசந்தது, ஆனாலும் நோயாளி வேலையை நான் மிகவும் ஒழுங்காகச் செய்தேன். அவ்வளவு ஒழுங்காக நான் வேறெதையும் செய்ததில்லை. வீட்டில் யாரும் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. எப்சிலான் கனவில்கூட வரவில்லை.

கண் வெளுத்து, தீபாவளியும் வந்தது. அந்தத் தீபாவளிக்கு வந்த படங்களில் ஒன்று ‘நம்மவர்’. “புள்ள கொஞ்சம் காத்தாடப் போயிட்டு வரட்டும்” என்று அம்மா சொல்ல, தஞ்சாவூர் போய்ப் பார்த்தேன். தறிகெட்டுக் கிடக்கும் ஒரு கல்லூரியை வாத்தியார் ஒருவர் வந்து திருத்துகிற கதை. நன்றாகக் கை தட்டினேன். அன்றைக்கு என் கல்லூரி திறந்திருந்தது.

திரும்பிப் போனபோது “அட்டெண்டன்ஸ் லேக்” என்றார்கள். வழக்கமான விதிதான். 75 சதவீதம் வந்திருக்க வேண்டும். 65க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றிதழ் வைத்து, கண்டனேஷன் கட்டணம் கட்டி, பரீட்சை எழுதலாம். 65க்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது. அந்தப் பருவத்தில் 90 வேலை நாள். காமாலைக்கு 24 நாள், மற்றதற்கு 11 நாள். 90இல் 35 போனால் 55. அதாவது 61 சதவீதம். காமாலையை மட்டும் கழித்தால் 66 நாள், 73 சதவீதம். பணத்தைக் கட்டிவிட்டு எழுதியிருக்கலாம். என்னைக் கவிழ்த்தது கல்லீரல் இல்லை, காதலன். கணித மாணவனாக நான் போட்ட ஒரே உருப்படியான கணக்கு இது. போட்டது போன மாதம்.

அலுவலகத்தில் ஒரு சூப்பிரண்டு இருந்தார், நல்ல மனிதர். “தம்பி, ஒடம்பு சரியில்லேன்னு ஒரு லெட்டர் எழுதி, டாக்டர் சர்டிபிகேட்டையும் சேத்து, அப்பா கையெழுத்தோட கொண்டா. அடுத்த ஜூன்ல திரும்ப முதல் வருஷத்துலயே சேந்துக்கலாம். சீட்டு எங்கயும் போவாது” என்றார். ஒரு தாள், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த கடிதம் ஒன்றே ஒன்றுதான். நம் எல்லோருக்கும் தெரிந்த கடிதம். “ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்” என்று தொடங்கி, இரண்டு நாள் விடுப்பு கேட்டு முடியும். ஒரு வருஷத்துக்கு எப்படிக் கேட்பது? நாலு தாள் கிழித்தேன். ஆனால் கடிதம் வராததற்கு ஆங்கிலத்தைக் குறை சொல்ல முடியாது. தமிழிலும் அது வந்திருக்காது. அதன் அடியில் அப்பா கையெழுத்து வேண்டும். கையெழுத்து வேண்டுமென்றால் அப்பாவிடம் சொல்ல வேண்டும். சூப்பிரண்டு காட்டியது வாசல். அந்த வாசலில் அப்பா கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அதனால் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் ரயில் ஏறினேன். அதற்கடுத்த நாளும் ஏறினேன். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் சீசன் டிக்கெட் எடுத்து, டிபன் பாக்ஸோடு தஞ்சாவூர் போய், சிவகங்கைப் பூங்காவில் உட்கார்ந்து, புளிசாதத்தைத் தின்றுவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பினேன். பூங்காவில் இருந்த மான்களுக்கு என் முகம் பழகிவிட்டது. கல்லூரிக்கே இவ்வளவு ஒழுங்காகப் போயிருந்தால் நூறு சதவீதம் வந்திருக்கும்.

தை பிறந்தது. சம்பா அறுப்பு. ஒரு நாள் ராத்திரி அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். “தம்பி, அறுப்புக்கு ஆளு தட்டுப்பாடா இருக்கு. காலேஜுல ரெண்டு நாளு லீவு கெடைக்குமா?”

இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. “தெரியலப்பா. கேட்டுப் பாக்குறேன்” என்றேன்.

மறுநாள் பூங்காவுக்குப் போய்விட்டு வந்து, “கொடுத்துட்டாங்க” என்றேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். கல்லூரி மேல் அவருக்கு இருந்த மரியாதை அன்று இன்னும் கொஞ்சம் கூடியது.

மாசியில் ஒரு கார்டு வந்தது. கட்டணம் கட்டாததாலும் வருகை இல்லாததாலும் பெயர் நீக்கப்பட்டது என்று இரண்டே வரி. ஆக, நான் படிப்பை விட்டேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. விட்டதாகக் காட்ட ஒரு தாள் என்னிடம் கிடையாது, நீக்கியதற்குத்தான் இருக்கிறது. அப்பா அதை இரண்டு தடவை படித்தார். மடித்து இறவாணத்தில் செருகினார். “நெல்லத் தூத்தணும், வா” என்றார்.

அப்புறம் மான்களைப் பற்றி அவர் கடைசி வரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அசல் மார்க்‌ஷீட்டை வாங்கப் போனபோது நூலகத்தில் நோ டியூஸ் கேட்டார்கள். கால்குலஸ் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் பணம் கட்டினேன். புத்தகம் அப்போது பரண் மேல் இருந்தது. இறக்கத்தான் சோம்பேறித்தனம்.

பெரியப்பாதான் என் மானத்தைக் காப்பாற்ற வந்தார். “ராமானுஜமே காலேஜுல கோட்டை விட்டவருதான்டா” என்றார். காவிரிக் கரையில் படிப்பை விட்டவன் ஒவ்வொருவனுக்கும் இந்த வாக்கியம் ஒரு குடை. கும்பகோணத்தைச் சுற்றி இருபது மைலுக்குள் பெயிலான எவனைக் கேட்டாலும், ஐந்தாவது நிமிஷம் ராமானுஜம் வந்துவிடுவார். நானும் பல வருஷம் அந்தக் குடைக்குள் நின்றேன். பிற்பாடு அவர் வரலாற்றை எடுத்துப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. சேர்ந்திருக்கிறார். 1854இல் தொடங்கி, தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயரெடுத்த இடம். கல்லூரிப் பக்கமே மாணவனாகப் போகாத உ.வே.சாமிநாதையர் 1880 முதல் அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1903இல் சென்னைக்கு மாற்றலாகியிருந்தார். பட்டம் இல்லாதவர் ஒருவர் கிளம்பிப் போனதும் அங்கே பட்டம் வாங்கப்போகாத ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அந்தக் கட்டடத்துக்கு அப்படி ஒரு ராசி. ராமானுஜம் கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பருவக் கட்டணம் 32 ரூபாய். புடவைக் கடையில் கணக்கெழுதிய அப்பாவுக்கு மாதச் சம்பளம் 20 ரூபாய். 1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்து மறுபடி கல்லூரிக்குப் போனார். வருகை நாள் போதவில்லை என்று பருவச் சான்று கிடைக்கவில்லை.

அட்டெண்டன்ஸ் லேக்! படித்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன்.

அடுத்தது 1906, சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடம்பு சரியில்லாமல் போய்க் கும்பகோணத்துக்கே திரும்பினார். இது இரண்டாவது பொருத்தம். 1907 டிசம்பரில் தனியாகப் பரீட்சை எழுதித் தோற்றார். இதுவரைக்கும் எங்கள் இரண்டு பேர் ஜாதகமும் ஒன்றுதான். கிரகங்கள் பிரிவது இதற்கப்புறம். பட்டமும் வேலையும் இல்லாத அந்த வருஷங்களில் அவர் நோட்டுப் புத்தகங்களில் தேற்றம் தேற்றமாக எழுதிக்கொண்டிருந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்கு எழுத்தர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், எஃப்.ஏ.கூடத் தேறாதவருக்கு, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1916இல் அசல் கேம்பிரிட்ஜிலேயே ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம், 1918இல் எஃப்.ஆர்.எஸ். என்னிடமும் அந்த வருஷங்களில் ஒரு நோட்டு இருந்தது. அதில் 1996 உலகக் கோப்பை ஆட்டங்களின் ஸ்கோர் இருந்தது.

அவர் கணக்குக்காக மற்றதை விட்டார். நான் மற்றதுக்காகக் கணக்கை விட்டேன். குடை எனக்குப் பொருந்தாது என்று தெரிந்துவிட்டது.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் போனேன். தெருவைப் பார்த்த ஜன்னல், பக்கத்தில் கட்டில். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். அங்கே வந்திருந்த பெரியவர் ஒருவர், “கணக்கு வாத்தியாரா சார்?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. அந்த “ஆமாங்க” பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மூன்றாவது படிப்பில் சொல்கிறேன்.

இரண்டாவது படிப்பு 1998இல். அம்மாபேட்டையில் ஒரு உரக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். யூரியா இத்தனை மூட்டை, டி.ஏ.பி. இத்தனை, பாக்கி இத்தனை. கடை முதலாளி சொன்னார் என்று அஞ்சல்வழியில் பி.காம். சேர்ந்தேன். தபால்காரர் பெரிய பார்சலைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். “தம்பி வக்கீலுக்குப் படிக்குதா?” என்று கேட்டார். பார்சலின் சணலைப் பிரிக்கவே இல்லை. எலித் தொல்லைக்காக அம்மா அதை அரிசிப் பானை மூடியின் மேல் பாரமாக வைத்தாள். அந்த வேலைக்கு அது நல்ல படிப்பு. ஒரு எலியும் மூடியைத் தள்ளவில்லை.

மறு வருஷம் தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைந்தது. வைகாசியில் இரண்டு முகூர்த்தம் இருந்தன. அப்பா, முன்பு நடந்ததை மனதில் வைத்தோ என்னவோ, ஜோசியரிடம் போகும் முன்னால் என்னைக் கேட்டார். “ஒனக்குப் பரீட்ச எப்ப? அந்த வாரம் வேணாம்.”

பரீட்சைத் தேதி எனக்கு நன்றாகத் தெரியும். முதல் முகூர்த்தம் அந்த வாரத்திலேயே விழுந்தது. “முதல் முகூர்த்தத்துலயே வைங்கப்பா. எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல” என்றேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரத்தில் தஞ்சாவூரில் என் நம்பர் போட்ட மேஜை காலியாக இருந்திருக்கும். ஊரே என்னைப் பாராட்டியது. தங்கச்சிக்காகப் பரீட்சையை விட்ட அண்ணன்! சொந்தக் காரணம் என்று விண்ணப்பங்களில் ஒரு வரி இருக்கும். சொந்தக்காரர்கள் மேல் போட்டுவிடுவதற்கு அதுபோல வசதியான வரி வேறு இல்லை. தங்கச்சி இன்று வரை அதைச் சொல்லிக் கண் கலங்குகிறாள். “என்னாலதான் அண்ணன் படிப்பு போச்சு.” தைப் பொங்கலுக்கு நான் கொண்டுபோகிற சீர் கரும்பு இரண்டு, மஞ்சள் கொத்து ஒன்று, வெல்லம் ஒரு கிலோ என்று வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தாலும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குத்தான் கறிக்குழம்பும் வடையும் போட்டு, வரும்போது ஒரு தூக்கு நிறைய அதிரசமும் கொடுத்து அனுப்புகிறாள். இருபத்தைந்து வருஷமாக வாங்கித் தின்கிறேன்.

மூன்றாவது, 2017. நாற்பது வயதில் கல்வெட்டு படிக்க ஆசை வந்தது. ஒரு பட்டயப் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. முதல் நாள் எல்லோரையும் எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். கூட இருந்தவர்கள் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள், வங்கி மேலாளர்கள். எம்.ஏ., எம்.எட்., எம்.காம். என்று வரிசையாக வந்தது. என் முறை வந்தபோது, அந்த “ஆமாங்க” பழக்கத்தில், “மேத்ஸ்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பொய் இல்லை. முழு வாக்கியமும் இல்லை. அன்றிலிருந்து நான் மேத்ஸ் சார்.

நாலாவது வகுப்பைப் பெரிய கோயிலிலேயே வைத்தார்கள். ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டுகளில், பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருத்தி பெயரும், எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தாள் என்பதும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் அதில் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல். “மொத்தம் எத்தனை கலம்? மேத்ஸ் சார் சொல்லுங்க” என்றார் ஆசிரியர். நாற்பதாயிரம் என்றேன், யோசிக்காமலே. கை தட்டினார்கள். என் படிப்பு வரலாற்றில் நான் சரியாகச் சொன்ன விடை அது ஒன்றுதான்.

அதே கல்வெட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பங்கு பெற்றவர்களில் யாராவது செத்துப்போனாலோ, ஊரை விட்டு வேறு தேசம் போய்விட்டாலோ என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறான். அவர்களுக்கு நெருங்கின உறவு அந்த நெல்லை வாங்கிக்கொண்டு அந்தப் பணியைச் செய்ய வேண்டும். உறவில் தகுதியானவர் இல்லையென்றால் தகுதியான வேறு ஆளை வைக்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், விலகிப் போகிறவர்களுக்கு ஒரு விதி, அதுவும் கல்லில்! அதை நன்றாகப் பார்க்கலாம் என்று கல்வெட்டுக்கு முன்னால் குந்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு தலைமையாசிரியர்கள் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார்கள்.

இடுப்பு பத்து நாளில் சரியாகிவிட்டது. சரியாகாதது மேத்ஸ் சார். அடுத்த வாரம் யாராவது “எந்த காலேஜ் சார், எந்த செட்டு?” என்று கேட்பார்கள் என்ற பயம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிற்றைக் கலக்கியது. விலகிவிடுவதென்று முடிவு செய்தேன். ஆனால் இந்த முறை முறைப்படி. ராஜராஜனே எழுதி வைத்திருக்கும்போது நான் ஒரு தாள் எழுதக் கூடாதா? அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, எக்ஸ்ரே நகலும் வைத்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். இருபத்து மூன்று வருஷம் கழித்து எழுதிய கடிதம்.

கவுண்டரில் இருந்த பெண் அதை முழுதாகப் படிக்கவில்லை. “இதுக்கெல்லாம் லெட்டர் எதுக்கு சார்? வராம இருந்தாலே போதும்” என்றது.

அது எனக்குக் கைவந்த கலை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

இத்தனை அனுபவத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? 2019இல் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். வெளியூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டான், பிடிக்கவில்லை, வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது என்றான். என் கட்சி ஆள்! சேர்க்கைக்கான கடைசித் தேதி தாண்டி இருபது நாள் ஆகியிருந்தது. “அவசரப்படாத தம்பி. ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, பழகிடும்” என்றேன், பெரிய மனுஷத் தோரணையில். யு.ஜி.சி. 2018இல் ஒரு விதி போட்டிருந்தது. சேர்க்கைக் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னால் விலகினால் கட்டணம் ஏறக்குறைய முழுதும் திரும்பக் கிடைக்கும். அதற்கப்புறம் கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். தேதி தாண்டிப் பதினைந்து நாளுக்குள் 80. முப்பது நாளுக்குள் 50. முப்பதும் தாண்டினால் ஒரு பைசா கிடையாது. அசல் சான்றிதழ்களையும் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பையன் நாற்பதாவது நாள் பெட்டியோடு வந்து இறங்கின பிறகு. என் புத்திமதியின் விலை, பாதிக் கட்டணம். அவன் அப்பா இப்போதும் என்னைப் பார்த்தால் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

கடைசியாகப் போன நவம்பரில் அண்ணன் மகள் போன் செய்தாள். பொறியியல் மூன்றாம் வருஷம். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருக்கிறாள், பரீட்சை தலைக்கு மேல் நிற்கிறது. “சித்தப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அண்ணா பல்கலைக்கழக விதியில் வித்ட்ராயல் என்று ஒன்று உண்டு. உடம்பு முடியாமல் போனாலோ, வீட்டில் எதிர்பாராதது ஏதாவது நடந்தாலோ, முழுப் படிப்புக்கும் ஒரே ஒரு தடவை, தேர்விலிருந்து விலகிக்கொள்ள அனுமதி கேட்கலாம். அது தோல்வியாகவும் ஆகாது, ஒரு முயற்சியாகவும் எண்ணப்படாது. பின்னால் எழுதித் தேறினால் டிஸ்டிங்ஷன் வாங்கவும் தடையில்லை. நீண்ட நாள் படுத்துவிட்டால் படிப்பையே இடையில் நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்ப வரவும் வழி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் விஷயத்துக்குப் பிறகு நான் எல்லா விதியையும் தேடித் தேடிப் படித்து வைத்திருந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் அப்பவே போட்டாச்சு சித்தப்பா. மெடிக்கல் சர்டிபிகேட் வச்சு, பிரின்சிபால் கையெழுத்தும் வாங்கியாச்சு” என்றாள்.

“அப்ப என்னம்மா கேக்கணும்?”

“அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா பயந்துடுவாரு.”

சரி என்றேன். இதைவிட எனக்கேற்ற வேலை உண்டா? அன்று சாயங்காலமே அண்ணனுக்கு போன் போட்டேன். நடவு எப்படி என்று கேட்டேன். ஆனைக்கொம்பன் விழுந்திருக்கிறதா என்று கேட்டேன். யூரியா மூட்டை, ஆறு வாய்க்கால், மேட்டூர் நீர்மட்டம் என்று இருபது நிமிஷம் பேசினோம். “வேற ஒண்ணும் இல்லியே?” என்றான் அண்ணன். “இல்லண்ணே” என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் அவளே சொல்லிவிட்டாள். “சரி, ஒடம்பப் பாத்துக்க” என்றானாம், அவ்வளவுதான்.

தங்கச்சிக்கு அந்த முகூர்த்த விஷயத்தை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இங்கே எழுதிவிட்டேன். இந்தப் பத்திரிகை அவள் வீட்டுக்கு வருவதில்லை.